கொட்டும் தகவல், கசியும் தகவல்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு நூலகரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பாதிக்கு மேல் கைபேசியையும் இணையத்தையும் பற்றியே இருந்தன. அதனால் புத்தகக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். ஒருவர் கடிதத்தின் கடைசியில், "என் பெயரும் ஊரும் வேண்டாமே" என்று கேட்டிருந்தார். இத்தனை நாள் எல்லாருடைய பெயரையும் ஊரையும் எதற்காகப் போட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் யோசித்தேன். ஆசிரியரிடம் பேசினேன். இந்த இதழ் முதல் கேள்வி மட்டும்தான் அச்சில் வரும். கேட்டவர் யார் என்பது வராது.

கேள்வி: நான் 43 வாட்ஸ்அப் குரூப்களில் இருக்கிறேன். மின்னஞ்சலில் தினமும் செய்திமடல்கள் வருகின்றன. 'பிறகு படிக்கலாம்' என்று சேமித்துவைத்த கட்டுரைகள் 600-ஐத் தாண்டிவிட்டன. எதையும் முழுதாகப் படிப்பதில்லை. விட்டுவிடவும் மனம் வரவில்லை. முக்கியமான எதையோ தவறவிட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் அந்த 600 கட்டுரைகளையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழிக்க வேண்டாம். மொத்தமாக, இன்றைக்கே. படிக்காமல் 600 சேர்ந்திருக்கிறது என்றால் அது இப்போது உங்களுக்குக் கடன் பாக்கி போல ஆகிவிட்டது. பார்க்கும்போதெல்லாம் மனதை அழுத்தும், படிக்கத் தூண்டாது.

நான் 31 ஆண்டு நூலகராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, ஓர் அலமாரியைக் காட்டி, "இதில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடு" என்றார் எங்கள் தலைமை நூலகர். என்னால் முடியவில்லை. பக்கம் கிழிந்த புத்தகம், பத்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகம், தகவல் காலாவதியாகிப்போன புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். மாலையில் அவர் வந்து பார்த்தார். "ஒருவர் தேடிக்கொண்டு வரும் புத்தகத்தை, யாருக்கும் வேண்டாத முப்பது புத்தகத்துக்கு நடுவில் ஒளித்துவைத்திருக்கிறாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது பட்டென்று புரிந்தது.

எங்கள் தொழிலுக்கு வழிகாட்டி எஸ். ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. புத்தகத்தை வகைப்படுத்துவது, எண் கொடுப்பது, அட்டவணை தயாரிப்பது எல்லாம் வாசகர் அதிக நேரம் தேடாமல் தனக்கு வேண்டியதோடு வீட்டுக்குப் போகட்டும் என்பதற்குத்தான். 1971-ல் ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞர் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். தகவல் தின்பது நம் கவனத்தை; ஆகவே தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்றார். அவர் எழுதியபோது யார் கையிலும் கைபேசி இல்லை.

உங்கள் கைபேசியில் இருக்கும் ஏற்பாட்டுக்கு நோக்கமே வேறு. அங்கே உங்கள் நேரம் மிச்சமானால் அந்தச் செயலிகளை நடத்தும் நிறுவனங்களுக்கு நஷ்டம். விரலால் தள்ளத் தள்ளப் பக்கம் முடியாமல் வந்துகொண்டே இருக்கிறதே, அதை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாளிதழுக்கும் உண்டு. 'சரி, போதும்' என்று எழுந்துபோக அந்த முடிவு நமக்கு உதவுகிறது. கைபேசியில் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் நிறுத்த முடியவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள்.

43 குரூப்புக்கு வருவோம். ஒவ்வொன்றையும் திறந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் இதில் வந்த எதையாவது வைத்து நான் ஏதாவது செய்தேனா? ஒருவரைப் போய்ப் பார்த்தேனா, ஒரு வேலையை முடித்தேனா, மனதார ஒரு பதில் எழுதினேனா? இல்லையென்றால் அதிலிருந்து வெளியேறுங்கள். வெளியேறினால் யாராவது வருத்தப்படுவார்கள் என்றால் சத்தத்தை அணைத்து ஆர்கைவில் போட்டுவிடுங்கள். நோட்டிஃபிகேஷனைப் பொறுத்தவரை என் வழக்கம் இது: ஒரு மனிதர் எனக்கென்று எழுதினால் மட்டும் கைபேசி சத்தமிடலாம். ஒரு கம்பெனி எனக்கு எதையோ நினைவூட்ட வேண்டும் என்பதற்காக அது சத்தமிடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பயன்பட்டது. மேசையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பகலில் எதைப் பற்றியாவது தெரிந்துகொள்ளத் தோன்றினால் கைபேசியை எடுக்காமல் அதில் எழுதிவைப்பேன். மாலையில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளோடு மட்டும் இணையத்துக்குப் போவேன். பாதிக் கேள்விகள் மாலைக்குள் தாமாகவே உதிர்ந்துவிடும். மீதிக்குப் பதில் தேடும்போது முழுக் கவனம் இருக்கும். நூலகத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். கேள்வியோடு வந்தவர் பத்து நிமிடத்தில் புத்தகத்தோடு போய்விடுவார். கேள்வி இல்லாமல் வந்தவர் அலமாரி அலமாரியாக நடப்பார். அதுவும் நல்ல பொழுதுதான், ஏனென்றால் அலமாரிகள் ஓர் இடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பயத்தைப் பற்றி: உங்கள் வாழ்க்கையை நிஜமாகவே பாதிக்கும் செய்தியை 43 குரூப்பில் இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் போன் போட்டுச் சொல்வார்.

கேள்வி: 'இன்காக்னிட்டோ'வில் தேடினால் யாருக்கும் தெரியாதுதானே?

உங்கள் கைபேசியை அடுத்து எடுப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்காக்னிட்டோ என்பது பிரௌசரில் தனியாகத் திறக்கும் ஒரு ஜன்னல். அதை மூடியதும் தேடிய வரலாறும், தளங்கள் உங்களை நினைவில் வைக்கப் போடும் சிறு குறிப்புகளான குக்கிகளும் உங்கள் கருவியில் தங்காது. நீங்கள் போன இணையதளத்துக்கு நீங்கள் வந்தது தெரியும். இணைய இணைப்பு கொடுப்பவருக்கும், அலுவலக இணைப்பு என்றால் அலுவலகத்துக்கும், எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதாவது தெரியும். உங்களைப் போலவே நம்பிய பலர் இருந்ததால்தான் அமெரிக்காவில் கூகுள் மீது 2020-ல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசமாகி, அப்படிச் சேர்ந்திருந்த பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கேள்வி: அந்தரங்கம் அந்தரங்கம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நான் எந்தத் தவறும் செய்யவில்லை. என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? என் தகவலை யார் எடுத்தால் எனக்கென்ன?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நேர்மையாக வாழ்கிறவர் இப்படித்தான் கேட்பார். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்பதை என் பழைய மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

கணினி வருவதற்கு முன் நாங்கள் புத்தகம் இரவல் கொடுத்தது பிரௌன் முறையில். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சின்ன அட்டை உண்டு. ஒவ்வொரு வாசகருக்கும் உறை போன்ற டிக்கெட் உண்டு. நீங்கள் புத்தகம் எடுக்கும்போது புத்தகத்தின் அட்டையை உங்கள் டிக்கெட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதி வாரியாக ஒரு பெட்டியில் அடுக்கிவைப்போம். திருப்பிக் கொண்டுவந்ததும் அட்டை புத்தகத்துக்குள் போய்விடும், டிக்கெட் உங்கள் கைக்கு வந்துவிடும். முடிந்தது. நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. புத்தகம் வெளியே இருக்கும்வரை யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும், திரும்பியதும் தெரிய வேண்டியதில்லை. நிறைய புத்தகம் கைமாறும் இடத்தில் வேகமாக வேலை நடக்க வேண்டும் என்றுதான் இந்த முறையைப் பின்பற்றினோம். ஆனாலும் மறதி அதற்குள்ளேயே இருந்தது.

அந்த மறதியால் என்ன நன்மை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் வாரக்கணக்கில் சட்டப் பகுதியில் விவாகரத்து பற்றிய புத்தகங்களைப் படித்தாள். ஒரு பையன் மனநோய் பற்றிய புத்தகத்தை வேறொரு பெரிய புத்தகத்துக்குள் வைத்துப் படித்தான். ஓர் ஆசிரியர், ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், தொடக்கநிலைக் கணக்குப் புத்தகங்களை எடுத்துப்போனார். இவர்களில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் மூன்று பேரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். நம்மிடம் மறைக்க இருப்பது பெரும்பாலும் குற்றம் இல்லை. இன்னும் முடிவுக்கு வராத கேள்விகள், பயங்கள், நோய்கள், வெட்கங்கள். அவற்றோடு தனியாக இருக்க ஒரு மூலை வேண்டும்.

இதற்காகப் போராடிய நூலகர்கள் இருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர்களின் விவரத்தைக் கொடு, கேட்டதை வெளியில் சொல்லாதே என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. உத்தரவு அனுப்பியது. நான்கு நூலகர்கள் மறுத்து நீதிமன்றம் போனார்கள். மறு ஆண்டு அரசு பின்வாங்கியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் தொழிலை நினைத்து எனக்கு மனம் நிறைந்துபோனது.

"பெயரை எடுத்துவிட்டுத்தான் சேமிக்கிறோம், கவலைப்படாதீர்கள்" என்று நிறுவனங்கள் சொல்வதையும் அப்படியே ஏற்காதீர்கள். 2006 ஆகஸ்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேர் மூன்று மாதம் தேடிய சொற்களை ஆராய்ச்சிக்காக என்று வெளியிட்டது. ஏறக்குறைய 2 கோடித் தேடல்கள். பெயர்களுக்குப் பதில் வெறும் எண்கள். சில நாட்களுக்குள் பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், உடல் உபாதை இவையே அவரைக் காட்டிக்கொடுத்தன. லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000-ல் காட்டியது இன்னும் எளிமையானது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீட்டு எண் என்ற மூன்றே விவரங்கள் சேர்ந்தால் அமெரிக்காவில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்றார். இனிமேல் ஏதாவது படிவத்தில் பிறந்த தேதி கேட்டால், எதற்கு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

முதல் கேள்வி கேட்டவரும் நீங்களும் வெவ்வேறு விஷயத்தைக் கேட்டதாக நினைக்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்பது என் எண்ணம். நீங்கள் எதில் நின்று பார்க்கிறீர்கள், எதைத் தாண்டிப் போகிறீர்கள் என்ற குறிப்பு சேரச் சேரத்தான், உங்களை எழுந்துபோக விடாத சரக்கு எது என்று அந்த நிறுவனங்களுக்குத் தெரியும். உங்களிடமிருந்து கசிவதை வைத்துத்தான் உங்கள் மேல் கொட்டுகிறார்கள். கசிவை அடைத்தால் கொட்டுவதும் கொஞ்சம் பிடி தளரும்.

கேள்வி: எனக்கு 16 வயது. என் அம்மா என் போட்டோ, மார்க், பரிசு வாங்கியது, காய்ச்சலில் படுத்திருந்தது எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார். சொன்னால் "பெருமையில்தானே போடுகிறேன்" என்று வருத்தப்படுகிறார். நான் என்ன செய்ய?

கண்ணு, உன் அம்மா சொல்வது உண்மை, பெருமையில்தான் போடுகிறார். நீ சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே பேச்சில் அவரிடம் சொல். "அம்மா, நீங்கள் சந்தோஷப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டுங்கள், நான் சரி என்றால் போடுங்கள்." இதை அவர் அப்போதுதான் போட்ட படத்தைப் பற்றிச் சண்டையிடும் நேரத்தில் சொல்லாதே. சும்மா இருவரும் உட்கார்ந்திருக்கும் ஒரு நேரம் பார்.

இனி இது அம்மாவுக்கு. உங்கள் மகள் இதை என்னிடம் கேட்டது உங்கள் மேல் உள்ள குறையால் இல்லை. பள்ளிச் சீருடையில் இருக்கும் படம் எந்தப் பள்ளி என்று சொல்லிவிடும். பிறந்தநாள் வாழ்த்துப் பதிவு பிறந்த தேதியைச் சொல்லிவிடும். கைபேசியில் எடுத்த படத்தின் கோப்புக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை அணைத்துவைத்தால் அது பதியாது. காய்ச்சலில் படுத்திருந்த படத்தை அவளுடைய நண்பர்களும் பார்த்திருப்பார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். நம் சிறுவயதுப் படங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தன. வருபவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று நாம் முடிவு செய்தோம். அந்த ஆல்பத்தை அவள் கையில் கொடுக்கும் வயது இது.

கேள்வி: எந்தத் தளத்துக்குப் போனாலும் குக்கியை ஏற்கிறீர்களா என்று கேட்கிறது. சும்மா 'ஏற்கிறேன்' தட்டிவிடலாமா?

பெரும்பாலும் அதற்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் மங்கலான எழுத்தில், மறுக்கும் பொத்தானும் இருக்கும். அதைத் தட்டுங்கள். தளம் வேலை செய்யத் தேவையான குக்கிகள் எப்படியும் இருக்கும், பயப்பட வேண்டாம். 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் வேலை செய்த லூ மான்டுலி இதைக் கண்டுபிடித்தபோது, ஒரு தளம் தன்னிடம் வந்தவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு விளம்பரக்காரர்கள் அதை வைத்து ஒரே ஆளைத் தளம் தளமாகப் பின்தொடர ஆரம்பித்தார்கள். 2018 மே 25 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகே இந்தக் கேள்விப் பெட்டிகள் இவ்வளவு பெருகின. தினமும் மறுக்கச் சலிப்பாக இருந்தால் பிரௌசர் அமைப்பில் 'மூன்றாம் தரப்பு குக்கி' என்பதை, அதாவது நீங்கள் போன தளம் அல்லாத வேறு நிறுவனங்கள் போடும் குக்கியை, தடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் மாமனார் தினமும் இருபது ஃபார்வர்டு அனுப்புகிறார். பாதி பொய். மருத்துவக் குறிப்பு, பயமுறுத்தும் செய்தி எல்லாம். மரியாதைக் குறைவில்லாமல் எப்படிச் சொல்வது?

குரூப்பில் எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். இதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வயதானவர் ஒருவரைப் பலர் பார்க்கத் தவறு என்று காட்டினால், அடுத்த முறை அவர் சரிபார்க்க மாட்டார், உங்களுக்கு அனுப்புவதைத்தான் நிறுத்துவார்.

பொய்ச் செய்தியை அனுப்புபவர்கள் முட்டாள்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2018-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து எழுதினார்கள். உண்மையைவிடப் பொய் பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அப்படித்தான், பரப்பியது மனிதர்களே. பொய் புதிதாக இருந்தது, அதிர்ச்சி தந்தது. உங்கள் மாமனாரும் அதிர்ந்திருப்பார். அதிர்ந்ததும் நினைவுக்கு வந்த முதல் ஆள் நீங்கள். ஃபார்வர்டுக்கு அடியில் அக்கறை இருக்கிறது.

அவரிடம் தனியாக உட்கார்ந்து, "மாமா, இந்த இரட்டை அம்புக்குறியைப் பாருங்கள்" என்று காட்டுங்கள். பல கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடுகிறது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். "இந்தக் குறி இருந்தால் முதலில் எனக்கு அனுப்புங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். கேட்டபடி விசாரித்தும் சொல்லுங்கள், உண்மையாக இருந்தால் உண்மை என்றும் சொல்லுங்கள். என் அப்பாவிடம் நான் இதைத்தான் செய்தேன். மூன்றாம் மாதம் அவரே, "இதில் தேதியே இல்லையே, எப்போது நடந்ததாம்?" என்று கேட்க ஆரம்பித்தார். மருந்து விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். போடும் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தச் செய்தியையும் அன்றைக்கே, மருத்துவரை வைத்தே பேசித் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன், ஆனால் கடினமானது.

மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் 1, 2 என்று கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஆபத்து உங்கள் இரண்டாவது வரியில் இருக்கிறது. பாஸ்வேர்டு எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், ஒரு தளத்தில் திருடுபோனால் எல்லாக் கதவும் திறந்துவிடும். எனக்கு இது நடந்தது. படங்களைச் சேமித்துவைக்க ஒரு சின்னத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன், இரண்டு முறைதான் பயன்படுத்தினேன், மறந்தே போனேன். அங்கிருந்து பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அதே பாஸ்வேர்டில்தான் என் மின்னஞ்சலும் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் நான் அவசரமாகப் பணம் கேட்பதுபோலக் கடிதம் போயிருந்தது. என் பழைய மாணவி ஒருத்தி அனுப்பியும்விட்டாள். அவள் பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்து, நான் வற்புறுத்தி, இருவரும் அழுதோம். கணக்கை மீட்க ஒன்பது நாள் ஆனது.

யாஹூவில் 2013-ல் நடந்த ஊடுருவலில் அவர்களிடம் இருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. பெரிய இடத்திலும் நடக்கும், சின்ன இடத்திலும் நடக்கும். டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால், அதுவரை தெரியவந்த எந்தத் திருட்டில் அது சிக்கியது என்று சொல்லும். பாஸ்வேர்டுகளைப் பூட்டிச் சேமித்துவைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு தளத்துக்கும் அதுவே தனி பாஸ்வேர்டு உருவாக்கிக்கொள்ளும். அது கைவராது என்றால் ஒரு நோட்டில் எழுதி வீட்டுக்குள் பத்திரமாக வையுங்கள். எழுதவே கூடாது என்று பயமுறுத்துவார்கள். உங்கள் வீட்டு அலமாரியை உடைக்கத் திருடன் நேரில் வர வேண்டும். இணையத் திருடன் பெரும்பாலும் வேறு எங்கோ உட்கார்ந்திருப்பவன். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு கைபேசிக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்கும் ஏற்பாட்டை, இன்றே போட்டுவிடுங்கள். மின்னஞ்சலுக்கு முதலில். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அங்கேதான் வருகிறது.

கேள்வி: ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை தங்கவில்லை. இரண்டு மாதம் ஆகிறது. கைபேசியைத் திறந்தால் குழந்தைச் சட்டை, தொட்டில், "உங்கள் 28-வது வாரம்" என்று வந்துகொண்டே இருக்கிறது. இதை நிறுத்த வழி இருக்கிறதா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் இருவருக்கும் என் அன்பு.

வழி இருக்கிறது. முழுதாக நிற்க நாளாகலாம், ஆனால் வெகுவாகக் குறைக்கலாம். "28-வது வாரம்" என்று சொல்வது கர்ப்பகாலச் செயலியாகவோ நீங்கள் பதிவு செய்த தளமாகவோ இருக்கும். பிரசவ நாள் என்று அன்றைக்குக் கொடுத்த தேதியை வைத்து அது எண்ணிக்கொண்டே போகிறது. செயலியை வெறுமனே நீக்கினால் போதாது. அதற்கு முன் உள்ளே போய்க் கணக்கை அழிக்கும் வழியைத் தேட வேண்டும். கர்ப்பம் முடிந்துவிட்டது என்று பதிவு செய்யும் வசதி சில செயலிகளில் அமைப்புப் பகுதியில் இருக்கும். அப்புறம், அவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கும்.

கூகுள் கணக்கின் விளம்பர அமைப்பில், கர்ப்பம், குழந்தை வளர்ப்பு தொடர்பான விளம்பரங்களைக் குறைக்கச் சொல்லும் தேர்வு தனியாகவே இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரத் தலைப்புகளைப் பார்த்து, இதைக் குறைத்துக் காட்டு என்று சொல்லலாம். தேடல் வரலாற்றையும் யூடியூப் வரலாற்றையும் அந்த மாதங்களுக்கு மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். கைபேசி அமைப்பில், விளம்பரக்காரர்கள் உங்கள் கருவியை அடையாளம் காண உதவும் விளம்பர அடையாள எண் என்று ஒன்று இருக்கும், அதையும் நீக்கிவிடலாம்.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டாம். அந்தச் செயலியைத் திறப்பதும், அந்தத் தேடல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. கணவரிடமோ, அக்கா தங்கையிடமோ, நம்பும் ஒரு தோழியிடமோ கைபேசியையும் இந்தப் பக்கத்தையும் கொடுங்கள். ஒரு மணி நேரம் போதும். ஸ்கேன் படங்களை எங்காவது சேமித்திருந்தால் அவற்றைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவற்றை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்கள் வேறொரு நாளில் யோசிக்கலாம்.

உங்கள் கடிதத்தில் இருந்த முகவரியை நான் குறித்துவைக்கவில்லை. இந்தப் பக்கம் அச்சுக்குப் போனதும் கடிதத்தையும் கிழித்துவிட்டேன்.